கூர்வளைவும் காம்பராவும்

கடவுளுக்குக் கட்டும் வீடு அழகாக இருக்க வேண்டும் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. மனிதன் குடியிருக்கும் வீடும் அழகாக இருக்க வேண்டும் என்று சொன்னால் ஒரு தயக்கம் வருகிறது. அந்த மனிதன் தேயிலைத் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்கிறவனாக இருந்துவிட்டால், முதலில் ஒழுகாத கூரை, அப்புறம் கக்கூசு, அப்புறம் தண்ணீர்க் குழாய், அழகுக்கு இப்போது என்ன அவசரம் என்கிறார்கள். இலங்கையில் எங்கள் மலையில் அந்த "அப்புறம்" இருநூறு வருடமாகியும் வந்து சேரவில்லை. அழகு மனிதனுக்குத் தேவையா, அல்லது மிச்சமிருந்தால் வைத்துக்கொள்ளும் ஆடம்பரமா? சமயம் இதற்கு என்ன சொல்கிறது? பாடசாலையில் தமிழும் சைவமும் படிப்பித்த காலமெல்லாம் இந்தக் கேள்வி என்னோடு இருந்தது.

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வார்லி தோட்டத்துக் கிறிஸ்து தேவாலயம் நிற்கிறது. 1878இல் எழுந்த ஆங்கிலிக்கன் கோயில். கருங்கல் சுவர், கூர்வளைவுச் சன்னல்கள், வண்ணக் கண்ணாடி, சுற்றிலும் கல்லறைகள். கீழே தண்ணீர், மேலே தேயிலை. அணை கட்டியது 1960களில்தான் என்பதால் கோயில் எழுந்த காலத்தில் அங்கே நீர்த்தேக்கம் கிடையாது. கோப்பிச் செடிகள் நோயில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் மலை மலையாகக் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிழைப்பே ஆட்டம் கண்ட அந்தக் காலத்திலும் வெள்ளைத் துரைமார் கல்லெடுத்துக் கூர்வளைவு வைத்துக் கடவுளுக்கு வீடு கட்டினார்கள். பணம் நெருக்கடி, அழகு அப்புறம் என்று அவர்கள் சொல்லவில்லை. இதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. நெருக்கடியிலும் மனிதன் அழகைத் தேடுவான் என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

அந்த வளைவின் சூத்திரத்தை எனக்குக் காட்டியவர் அப்பா. அவர் தோட்டத்து மேசன். பங்களாப் புகைபோக்கி வெடித்தாலும், தேயிலை ஸ்டோர் சுவரில் ஈரம் ஏறினாலும், லயத்துக் கானில் கல் பெயர்ந்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். ஒருநாள் எங்கள் இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், கரித்துண்டால் நேராக ஒரு கோடு போட்டார். கோட்டின் இரண்டு முனையிலும் ஆணி அடித்தார். ஓர் ஆணியில் சணல் கயிற்றைக் கட்டி, அது அடுத்த ஆணியை எட்டும் நீளத்துக்கு அளந்து, நுனியில் கரியை வைத்துப் பிடித்து மேல்நோக்கி இழுத்தார். ஒரு வளைவு விழுந்தது. பிறகு கயிற்றை மற்ற ஆணிக்கு மாற்றி, எதிர்ப்பக்கமிருந்து அதே அளவில் இன்னொன்று. இரண்டும் முட்டிய இடத்தில் கூர் நின்றது.

"இம்புட்டுத்தான் தாயி, தொரைமாரு கோயில் சன்னலு" என்றார்.

"நம்ம காம்பராவுக்கு இப்படி ஒன்னு வைக்கலாமாப்பா?" என்று கேட்டேன்.

"வைக்க எம்புட்டு நேரம்? செவுரு நம்ம செவுரா இருக்கணுமே" என்றார்.

கூர்வளைவு வெறும் அலங்காரமில்லை. அரைவட்ட வளைவு மேலிருந்து வரும் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும், அதைத் தாங்கச் சுவர் தடிமனாக வேண்டும். கூர்வளைவில் பாரம் கூடுதலாகக் கீழ்நோக்கி இறங்கும். அதனால் சுவரைக் குறைத்துச் சன்னலை உயர்த்தலாம், உள்ளே வெளிச்சம் கூடும். பாரிசுக்குப் பக்கத்திலுள்ள சென் டெனி மடாலயக் கோயிலில் மடாதிபதி சூஜே புதுப்பித்த பலிபீடப் பகுதி 1144இல் அர்ச்சிக்கப்பட்டது. கோதிக் கட்டடக்கலையின் தொடக்கமாகப் பலரும் அதைச் சொல்கிறார்கள். கண்ணால் காணும் ஒளி மனத்தைக் காணாத ஒளிக்குக் கூட்டிச்செல்லும் என்பது சூஜேயின் நம்பிக்கை. கல்லும் கயிறும் கொண்டு செய்த அந்த வேலைக்கு அடியில் ஒரு இறையியல் இருந்தது: இருட்டில் இருப்பவனுக்கு வெளிச்சம் வேண்டும்.

இப்போது காம்பராவுக்கு, லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் ஒற்றை அறைக்கு, வருகிறேன். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். பத்துப் பன்னிரண்டு காம்பரா வரிசையாக இருந்தால் ஒற்றை லயம். முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் இருபது இருபத்துநான்கு இருந்தால் இரட்டை லயம். இரட்டை லயத்தில் பின்சுவர் அடுத்த வீட்டுக்காரனின் பின்சுவர், அங்கே சன்னல் வைக்க வழியே இல்லை. முன்னால் ஒரு கதவு. அடுப்பு உண்டு, புகைபோக்கி கிடையாது. பங்களாவிலோ கூடத்துக்கும் படுக்கையறைக்கும் தனித்தனியாகக் கணப்பு, கூரைக்கு மேலே நெடிய புகைபோக்கிகள். அப்பா பங்களாப் புகைபோக்கிக்குச் சாந்து பூசிவிட்டு வந்து, புகை தங்கிய காம்பராவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாயத்தண்ணி குடிப்பார். இரண்டையும் ஒரே தோட்டத்துக் காசில், ஒரே காலத்தில், ஒரே நிர்வாகம் கட்டியது. புகையை வெளியே அனுப்பத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதே நூற்றாண்டில் என்ன நடந்தது என்று பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் உறுத்துகிறது. அங்கே பண்ணையார்கள் தங்கள் ஆட்களுக்கென்று கோதிக் பாணியில் சிறுவீடுகள் கட்டினார்கள். செங்குத்தான கூரை, செதுக்கிய மரச் சட்டம், கூர்வளைவுக் கதவு, உயர்ந்த புகைபோக்கி. ஜான் லவுடன் 1833இல் வெளியிட்ட கலைக்களஞ்சியம் போன்ற மாதிரிப் புத்தகங்களைப் பார்த்து ஊருக்கு ஊர் அப்படிப்பட்ட வீடுகள் எழுந்தன. வட வேல்ஸில் பென்ரின் பண்ணை தன் வேலையாட்களுக்காக லாண்டிகை என்ற ஊரை ஒரு மாதிரிக் கிராமமாகவே அமைத்தது. அந்தப் பண்ணையின் செல்வம் சிலேட்டுக் கல்லிலிருந்து வந்தது, அதற்கு முன்பிருந்தே ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்தும் வந்தது. பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்தபோது, 764 பேரை விடுவித்ததற்கு நட்ட ஈடாக அந்தப் பண்ணைக் குடும்பத்துக்கு 14,683 பவுண் கிடைத்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு சல்லியும் இல்லை. ஆக, வேல்ஸில் வேலைக்காரனுக்கு வேலைப்பாடுள்ள சிறுவீடு, ஜமெய்க்காவில் அடிமைக்குக் குடிசை. யாருடைய வீட்டில் அழகு இருக்கலாம் என்பதை நிறமும் தூரமும் தீர்மானித்தன. வேல்ஸ் வீட்டுக்காரனும் முழுச் சுதந்திரம் உள்ளவன் இல்லைதான். வீடு பண்ணையாருடையது, வேலை போனால் வீடும் போகக்கூடும். 1900 தொடங்கி 1903 வரை பென்ரின் கல் வெட்டும் குழியில் நடந்த நீண்ட வேலைநிறுத்தம், அழகான கூரை மட்டும் ஒருவனுக்குப் போதாது என்பதைக் காட்டியது. இருந்தாலும் அந்த வீட்டுக்குச் சன்னல் இருந்தது.

கோதிக்கை மீட்டெடுத்த மனிதர்களே இந்த அநியாயத்தை எடைபோட ஒரு தராசைத் தந்திருக்கிறார்கள். அகஸ்டஸ் பியூஜின் 1836இல் "ஒப்பீடுகள்" என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். 1841இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஏழைகளின் இருப்பிடம் பற்றி ஒரு படம் சேர்த்தார். மேலே அவர் காலத்து ஏழைவிடுதி: நடுவிலிருந்து எல்லோரையும் கண்காணிக்கும் சிறை போன்ற கட்டடம், அதற்குள் அடுக்கடுக்காக அறைகள். கீழே இடைக்காலத்து அறமனை: கோயிலும் தோட்டமும் கூர்வளைவுகளும் சூழ, ஏழைக்கும் மரியாதையோடு ஓர் இடம். ஒரு சமூகம் ஏழைக்குக் கட்டும் கட்டடத்தில் அதன் சமயம் தெரிந்துவிடும் என்பதே அந்தப் படத்தின் வாதம். அதை மடியில் வைத்துக்கொண்டு மேட்டு லயத்தையும் பணிய லயத்தையும் பார்த்தால் நமக்கு விளக்கவுரை தேவைப்படாது. ஜான் ரஸ்கின் 1853இல் வெளியான "வெனிஸின் கற்கள்" இரண்டாம் பாகத்தில் இன்னும் ஒரு படி போனார். கோதிக்கின் உயிர் கூரிலோ கோபுரத்திலோ இல்லை, கல்லைச் செதுக்கிய தொழிலாளி தன் மனம்போலச் செதுக்க விடப்பட்டானா என்பதில் இருக்கிறது, அவன் செய்த கோணல்கூட அவன் அடிமையில்லை என்பதற்கு அடையாளம் என்று வாதாடினார். அந்தக் கணக்குப்படி பார்த்தால், எங்கள் மலையின் கூர்வளைவுகளில் பலவும் கோதிக்கின் உடலை மட்டும் கொண்டுவந்தன. உயிர் கப்பலேறவில்லை.

நுவரெலியா முழுக்க இதைப் பார்க்கலாம். 1852இல் பிஷப் சாப்மன் அர்ச்சித்த பரிசுத்த திரித்துவ ஆலயம், 1894இல் கட்டிய செங்கல் தபால் நிலையம், சுவரில் மரச்சட்டம் காட்டும் வீடுகள். ஊரையே நினைவிலிருந்து எடுத்து இன்னோர் ஊரில் நட்டிருக்கிறார்கள். வீட்டை விட்டு வந்தவன் வீட்டு நினைவில் கட்டுவது இயல்பு. எங்கள் பாட்டன் பூட்டனும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து தலைமன்னார் வழியாக நடந்து வந்தவர்கள்தான். அவர்களுக்கும் நினைவில் திண்ணையும் மாடமும் முற்றமும் இருந்தன. அவற்றைக் கட்டிக்கொள்ள அவர்களுக்கு ஒரு முழம் மண் தரப்படவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. அந்த நிலை சட்டப்படி முழுதாக நீங்க 2003 வரை ஆனது. 1970களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்கு வந்தது. துரை மாறினார், லயம் மாறவில்லை. இன்று பல பங்களாக்களில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கி, பழைய கணப்பின் முன்னால் தேநீர் குடிக்கிறார்கள்.

போகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கமாகியிருக்கிறார். 1879இல் இந்த மலையிலேயே இறந்தவர். அவர் இலங்கையில் எடுத்த படங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தை அவ்வளவு கவனத்தோடு பார்த்திருக்கிறார், ஆனால் அந்த முகங்களோடு பெயர் நமக்கு வந்து சேரவில்லை. தேவாலயங்களின் கல்லுக்கும் அதே கதை. கல்லறைகளில் துரைமார் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறேன். கல் சுமந்தவர் பெயரை நான் ஓரிடத்திலும் பார்த்ததில்லை.

இனி நம்முடைய சமயத்திடம் கேட்கிறேன். இந்த இடத்தில் பெரியவர்கள் வழக்கமாக ஒரு பதில் தருவார்கள்: உள்ளமே கோயில், கடவுளுக்குக் கட்டடம் எதற்கு? எங்கள் தோட்டங்களே அதற்குச் சாட்சி என்றும் சொல்வார்கள். உண்மைதான். கோயிலுக்கு இடம் தராத இடத்திலும் எங்கள் சனம் மரத்தடியில் கல் நட்டு மாரியம்மனை இருத்தியது. ஸ்டோரில் சுழலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோதை முனி, தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துச் சாமி என்று வேலை செய்த இடமெல்லாம் தெய்வம் கண்டது. கையை வெட்டும் கத்தியையும் விரலை நசுக்கும் இயந்திரத்தையும் கும்பிட்டுவிட்டு வேலைக்கு இறங்கியது. இதைவிடப் பெரிய பக்தி எங்கே இருக்கிறது? ஆனால் அந்தப் பக்தியைக் காட்டி, அவர்களுக்குக் கட்டடம் தேவையில்லை என்று வீடுள்ளவன் முடிவுகட்டினால் அது பாவம்.

பூசலார் கதையைச் சரியாக வாசித்தால் இது விளங்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் திருநின்றவூர் அந்தணர். சிவனுக்குக் கோயில் கட்டக் காசில்லை, மனத்திலேயே கட்டினார். காஞ்சியில் காடவர்கோன் கல்லால் கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். அன்றைக்குத் தான் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும் என்று இறைவன் அரசன் கனவில் சொன்னார். அரசன் தேடி வந்தான், ஊரில் கோயில் இல்லை, ஏழை ஒருவர்தான் இருந்தார். கல்லைவிட மனம் பெரிது என்று இந்தக் கதைக்குப் பொருள் சொல்லிப் படிப்பிப்பது வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்குவேன். பிறகு பிள்ளைகளை இன்னொன்றைக் கவனிக்கச் சொல்வேன். பூசலார் மனத்தில் கட்டியது எப்படிப்பட்ட கோயில்? நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். விமானம் எழுப்பினார். சுதை வேலை செய்தார். தூபி நட்டார். கிணறு தோண்டினார், மதில் கட்டினார், குளம் வெட்டினார். காசில்லாத ஒருவர் கற்பனையில்கூட ஒன்றையும் குறைக்கவில்லை. எனக்கு வசதியில்லை, ஆகவே தகரக் கொட்டகை போதும் என்று அவர் மனம் சொல்லவில்லை. ஏழையின் மனத்துக்கு முழு அழகும் வேண்டியிருக்கிறது. இறைவன் குடிபுகுந்தது அந்த முழு அழகுக்குள்தான்.

திருமூலர் இன்னும் நேராகப் பேசுகிறார். கல் கோயிலில் இருக்கும் கடவுளுக்குக் கொடுத்தது நடமாடும் அடியார்களைப் போய்ச் சேராது, நடமாடும் அவர்களுக்குக் கொடுத்தால் அது கடவுளையும் போய்ச் சேரும் என்பது அவருடைய கணக்கு. அதையே கட்டடத்துக்கும் பொருத்திப் பார்க்கிறேன். சன்னிதிக்கு ஒளி வேண்டும் என்று உயரச் சன்னல் வைத்தவர்கள், நடமாடும் சன்னிதிகளை இருட்டில் வைத்தார்கள். வார்லியின் வண்ணக் கண்ணாடி வழியாக விழும் வெளிச்சம் பொய்யில்லை, அங்கே முழந்தாளிட்டவர்களின் செபமும் பொய்யில்லை. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அந்தக் கடன் துரைமாரோடு மட்டும் முடிவதில்லை. லயத்து மாரியம்மன் கோயிலுக்கு இலட்சக்கணக்கில் சீட்டுப் பிடித்துக் கோபுரம் கட்டிவிட்டு, கோபுரத்துக்குச் சுதை வேலை செய்தவர் புகைக்குள் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாமும் அதே கடனாளிகள்.

பாதுகாப்பு முதலில், அழகு பிறகு என்று என் தம்பி இன்றும் வாதாடுவான். அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டு யாரும் சன்னலைப் பற்றிப் பேச முடியாது. உறுதியான நிலமும் உறுதியான கூரையும்தான் முதல். ஆனால் அவனிடம் நான் சொல்வது இது: சரிகிற நிலத்தில் லயத்தை வைத்ததும் சன்னல் இல்லாமல் வைத்ததும் ஒரே மனம். உள்ளே இருப்பவன் யார் என்று பார்க்காத மனம். அவனை வேலைக்கு வரும் இரண்டு கை என்று எண்ணியவர்கள், கைக்கு வெளிச்சம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அவனை முழு மனிதனாக நினைத்திருந்தால் நிலத்தையும் பார்த்திருப்பார்கள், சன்னலையும் வைத்திருப்பார்கள்.

எங்கள் சனம் அழகைத் தள்ளிப்போட்டதே இல்லை. தீபாவளிக்கும் தீர்த்தத் திருவிழாவுக்கும் முன்னால் லயம் முழுக்கச் சுண்ணாம்பு மணக்கும். எங்கள் அம்மா சுண்ணாம்பில் நீலம் கலந்து காம்பராவின் உட்சுவரைப் பூசுவார். வேலைக்கு ஆள் எண்ணும் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும் வாசலில் நான்கு இழை கோலம் விழும். பிஸ்கட் டின்னில் டேலியா பூக்கும். சாமி படத்துக்காக அப்பா சுவரில் சின்னதாக ஒரு மாடம் குடைந்தார். அதன் தலையில் மட்டும், கயிறு பிடித்து, ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கூர்வளைவு வைத்தார். தோட்டத்துக்குச் சொந்தமான சுவரைக் குடைந்ததற்காக அவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்தார். மாடத்தை மூடச் சொன்னார்கள். அவர் மூடவில்லை. பங்களாவில் கற்றுக்கொண்ட வேலையை அவர் எங்கள் சாமிக்குச் செய்தார். ரஸ்கின் தேடிய அந்த உயிர் அங்கே இருந்தது: தன் மனம்போலச் செதுக்கிய கை.

ஆகவே பழைய தேவாலயங்களை வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. அவை இடிந்தால் எனக்கு நட்டம். இந்த மலைகளில் பல தேவாலயங்களில் இன்று தமிழில் ஆராதனை நடக்கிறது. கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வளைவுகளுக்குக் கீழே இருந்து பாடுகிறார்கள். அது அவர்களுக்கு வந்து சேரவேண்டிய சொத்து. அந்தச் சொத்தோடு அது சொல்லும் செய்தியையும் நாம் உரிமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்: மனிதனுக்கு உயரம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், தன் கை வேலைப்பாடு தெரியும் ஓர் இடம் வேண்டும்.

இப்போது தனி வீடுகள் வருகின்றன. 7 பேர்ச் காணி, இந்திய உதவியில் கட்டியவை 550 சதுர அடி. லயத்திலிருந்து அங்கே குடிபோன என் மாணவி ஒருத்தி, முதல் நாள் நான்கு பக்கமும் சுற்றி நடந்து பார்த்ததாகச் சொன்னாள். வீட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குப் புதிது. வீடுகள் வந்தது பெரிய காரியம், தேவைக்கு அவை மிகக் குறைவு, இன்னும் வேகமாக வர வேண்டும். அதோடு நான் மூன்று காரியம் கேட்கிறேன். காணிக்குத் தடையில்லாத உறுதி கையில் வர வேண்டும், ஏனென்றால் தன் சுவரில்தான் ஒருவன் மாடம் குடைய முடியும். ஒரே வரைபடத்தை நூறு தடவை அடித்து வைக்காமல், குடிவரப்போகிறவரை அழைத்துச் சன்னல் எந்தப் பக்கம், சாமி எந்த மூலை, இஸ்தோப்பு எவ்வளவு அகலம் என்று கேட்க வேண்டும். கட்டும் மேசன்மாரும் தச்சர்களும் தோட்டத்துப் பிள்ளைகளாக இருக்க வேண்டும், அவர்கள் பெயர் வாசற்கல்லில் பொறிக்கப்பட வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. கோயிலும் பள்ளியும் தேவாலயமும் விகாரையும் சேர்ந்து கேட்க வேண்டிய அறம் இது. அடுத்த திருவிழாவுக்குக் கோபுர வேலைக்குக் கணக்குப் போடும் தலைவர்மாரிடம், அந்தக் கணக்கில் கூரை ஒழுகும் ஒரு குடும்பத்தின் வீட்டையும் சேர்த்து எழுதுங்கள் என்று நான் சொல்லி வருகிறேன். ஒன்றிரண்டு பேர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மற்றவர்களும் எழுதும்வரை சொல்வேன்.